சொல்ல மறுத்த பல்லி

பாழடைந்த மண்டபத்தில் ஆமையார் தத்துவம் பேசி முடித்ததும், சுவரிலிருந்து பல்லி ‘இச் இச்’ என்று சொல்ல வேண்டும். பல்லி சொல்லிவிட்டால் அது சத்தியம். அதற்குமேல் கேள்வி கிடையாது. அதுதான் அந்தச் சபையின் வழக்கம்.

அன்று ஆமையார், “வலி என்பதே மாயை. யாரும் யாரையும் நோகடிக்க முடியாது” என்று முடித்தார். எல்லோரும் சுவரை அண்ணாந்து பார்த்தார்கள்.

பல்லி முந்தாநாள்தான் பூனையிடம் வாலைப் பறிகொடுத்திருந்தது. அந்த இடம் இன்னும் விண்விண்ணென்று தெறித்தது.

“சுத்தப் பேத்தல்” என்றது பல்லி.

சபையில் உட்கார்ந்திருந்த கொக்கு பதறி எழுந்தது. “பெரியவர்கிட்ட பேசுற பேச்சா இது? ‘தங்கள் கருத்து ஆழமானது, சின்னதா ஒரு சந்தேகம்’னு பதமா சொல்லக் கூடாதா? மன்னிப்புக் கேளு! இல்லேன்னா மண்டபத்தை விட்டுப் போ!”

ஆமையார் கண்கலங்கினார். “நெஞ்சு ரொம்ப வலிக்கிறது” என்றார்.

பல்லி சுவரை விட்டு அவர் முகத்துக்கு நேரே இறங்கி வந்தது. “வலிக்குதா ஆமையாரே? அப்போ நான் சொன்னது சரிதானே. எதுக்கு மன்னிப்பு?”

ஆமையார் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

யாரும் கேட்காமலே பல்லி, “இச் இச்” என்றது.