சோஃபியாவின் பேட்ஜ்

வெளிநாட்டிலிருந்து வந்து படிப்பை முடித்தவர்கள், வேலை பர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு அது வரும்வரை வேலை பார்க்கலாம் என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது. காபிக் கடை முதலாளி ஞானசேகரனுக்கு அது போதவில்லை. "நாளைக்கே உன்ன ஊருக்கு அனுப்பிட்டா? உன் பேர்ல பேட்ஜ் அடிக்கிறது தண்டம்மா" என்று, வேலையை விட்டுப் போன சோஃபியாவின் பேட்ஜை, அப்படிப் படிப்பை முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த எழில்மதியிடம் நீட்டினார். அவள் அதைக் குத்திக்கொண்டு காபி போட்டாள், கழிப்பறை கழுவினாள், சோஃபியா என்று விழுந்த வசவுகளையெல்லாம் வாங்கிக்கொண்டாள். மாதக் கடைசியில் சிறந்த ஊழியர் சோஃபியா என்று அறிவித்து, ஞானசேகரன் அந்தப் பழைய சோஃபியாவின் படத்தையே சுவரில் மாட்டினார். "கை தட்டும்மா, எல்லாம் உன் உழைப்புதானே!"

எழில்மதி பேட்ஜைக் கழற்றிப் படத்தின் நெஞ்சில் குத்தினாள்.

"இனிமே காபியும் இவளே போடட்டும், சார்."

கவுண்ட்டரிலிருந்து வாசல்வரை வரிசை நின்றது.