அணைக்காத கம்ப்யூட்டர்

கோட்டைமேட்டில் வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் ஆஸிம், கம்ப்யூட்டரை அணைப்பதே இல்லை.

“ஏனுங்க, ஊட்டுல ஆள் இல்லாதப்பவும் அது ஓடோணுமா?” என்றாள் மனைவி ரூபினா.

“தினமும் ஆஃப் பண்ணிப்போட்டா சீக்கிரம் கெட்டுப்போயிரும் அம்மணி.”

மறுநாள் காலை அவன் குளித்துவிட்டு வருவதற்குள் ரூபினா அதை அணைத்துவிட்டாள். பத்து மணிக்குப் பத்திரிகை பார்க்க ஆள் வருவதாக இருந்தது. பதறிப்போய் மறுபடி போட்டான். திரை பாஸ்வேர்டு கேட்டது. மூன்று முறை அடித்தான், மூன்றும் தப்பு.

“நான் வெச்ச பாஸ்வேர்டுதானுங்க. மறந்துபோட்டீங்களா?”

“சேச்சே! நம்ம நிக்காஹ் தேதிதானே?”

“ஆமாங்க. அடிங்க.”

ஆஸிம் தலையைச் சொறிந்தான்.

“அந்தத் தேதிதான் கண்ணு... ஆறு மாசமா ஞாபகம் வர மாட்டேங்குது.”