கார் வாடை

வாடகைக் காரின் கதவைச் சாத்தி, ஏர்கான் காற்று முகத்தில் பட்டதும் நிலோபருக்குக் குமட்டியது. ஈரத்துணி மக்கிப்போன மாதிரி ஒரு வாடை.

மடியில் மகள் சஹர் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டில் ஆஸ்பத்திரிப் பை. கிள்ளான் ஆஸ்பத்திரி வார்டிலிருந்து பிள்ளையை இப்போதுதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். புகை ஆகாது, பூஞ்சணம் ஆகாது, மறுபடி மூச்சு இழுத்தால் தாமதிக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, நிலோபரின் கண் பிள்ளையின் நெஞ்சுக்கூட்டை விட்டு நகரவில்லை.

"அங்கிள், உங்க ஏர்கான் நாறுது. பிள்ளைக்கு வீசிங்."

ஓட்டுநர் கமலநாதன் திரும்பிப் பார்த்தார். நரைத்த தலை. பிள்ளையை, பையை, அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"சோரிமா. பழைய கார் லா. உள்ள ஈரம் தங்கிருச்சு."

பிள்ளை காலை நீட்டிக்கொள்ளட்டும் என்று பையை வாங்கித் தன் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டார். வெளிக்காற்று வரும் பட்டனைத் தட்டினார். வாடை தணிந்தது. ஆனால் முன்னால் போன லோரியின் புகை உள்ளே நுழைந்தது. வெளிக்காற்றை அடைக்கச் சொன்னாள் நிலோபர். அடைத்தார். உள்காற்றே சுற்றிச் சுற்றி வர, வாடை மறுபடி ஏறியது.

லோரியைத் தாண்டியதும் அவராகவே திறந்தார். அடுத்த லோரி வந்ததும் அடைத்தார். ஷா ஆலம் வரைக்கும் அந்த விரல் பட்டனை விட்டு அகலவில்லை.

முன் கண்ணாடியில், வாசனைக்காகக் கட்டிய ஒரு பாண்டான் இலைக்கட்டு தொங்கியது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சர்வீஸுக்கு விடாம, பாண்டானைக் கட்டி ஏமாத்துறீங்களா அங்கிள்? எத்தனை பிள்ளைங்க ஏறுற கார்?"

"பாத்துடறேன்மா" என்றார்.

சஹர் தூக்கத்திலேயே இருமினாள். ஒரே ஒரு இருமல்தான். நிலோபர் பிள்ளையின் முதுகில் கை வைத்து, வீடு வரும்வரை வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் கமலநாதனே இறங்கி வந்து பையை அவள் தோளில் மாட்டிவிட்டார்.

"பிள்ளை பத்திரம்மா."

அவள் பிள்ளையை அணைத்துக்கொண்டு லிப்டுப் பக்கம் நடந்தாள்.

லிப்டுக்குக் காத்திருக்கும்போதே போனில் கார் ஆப்பைத் திறந்து ஓட்டுநருக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டாள். கான்வென்ட்டில் படித்த இங்கிலீஷ் அன்றைக்குக் கைகொடுத்தது. கார் நாறுகிறது, குழந்தைகளுக்கு ஆபத்து, இந்த ஆளை இனி ஓட்டவே விடாதீர்கள் என்று பிழையில்லாமல் எழுதி அனுப்பினாள். ஓட்டுநரை நிறுத்திவைத்து விசாரிக்கிறோம் என்று கையோடு பதில் வந்தது. மனசு கொஞ்சம் ஆறியது.

லிப்டுக்குள்ளும் அதே வாடை. காரிலிருந்து சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் சஹரைப் படுக்கவைத்துவிட்டு, மருந்தை எடுக்கப் பையின் ஜிப்பை இழுத்தாள். குப்பென்று முகத்தில் அடித்தது.

பைக்கு அடியில், வார்டில் சேர்த்த முதல் நாள் பிள்ளையைத் துடைத்த துண்டு. பதற்றத்தில் ஈரத்தோடு சுருட்டித் திணித்ததை அவள் மறந்தே போயிருந்தாள். விரித்தால் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணப் புள்ளி.

பையின் வெளிப்பக்கத்தில் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. தண்ணீர்ப் போத்தல் வைக்கிற இடத்தில், சத்தமில்லாமல் செருகி வைக்கப்பட்டிருந்தது அந்தப் பாண்டான் இலைக்கட்டு.