இறுகாத சேறு

முகத்துவாரக்குப்பத்துக் கழிமுகச் சேறு அப்படித்தான். காலை உதறினால் கஞ்சியாய் இளகும். சும்மா நின்றால் தயிராய் உறைந்து கவ்விக்கொள்ளும். கையால் இறால் தடவப் போன புருஷன் எத்திராஜ் இடுப்புவரை புதைந்தபோது, "காலை ஆட்டிகினே இரு மாமா, நிறுத்தாத. கயிறு எத்துகினு வரேன்" என்று கத்திவிட்டு ஓடினாள் பூவம்மா. கணுக்கால் சிக்கினால் எல்லோரும் சொல்வதுதான்; இடுப்பளவில் ஆட்டினால் இன்னும் உள்ளே இறங்கும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது அவன் இல்லை. உடலும் கிடைக்கவில்லை.

வருஷம் ஒன்றாகிறது. சுற்றிலும் சேறு இறுகிக் கிடக்க, அந்த இடம் மட்டும் அலையே இல்லாத நாளிலும் கொழகொழவென்று அசைந்துகொண்டே இருக்கிறது. குப்பத்து ஜனம் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது.

திதியன்று பூவம்மா அதன் ஓரத்தில் குனிந்தாள். "போதும் மாமா. இனிமே ஆட்டாத."

அவள் கண்ணெதிரே சேறு மெல்ல அடங்கி, தயிராய் உறைந்தது.