காப்பு கட்டாத கை

ராக்கையா இந்த வருசம் காப்பு கட்டவில்லை. சிலமலை ஊர் முழுக்க அதே பேச்சு.

எழுபத்தெட்டாம் வருசத்துப் பங்குனிப் பொங்கல். கோவிலில் மேளம் அடித்து மூன்று தடவை கூப்பிட்டாயிற்று. இருபது வருசமாகக் காளியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்த மனுசன், தொழுவத்தில் உட்கார்ந்து வண்டி அச்சுக்கு மை போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் சம்சாரம் பாண்டியம்மாள் தொழுவத்துக்கே வந்துவிட்டாள்.

"என்னங்க, சாமி குத்தமாயிரும். நம்ம மக பொண்ணுமணிக்குத் தேவாரம் ஊருல மாப்பிள்ளை பேசி முடிக்கிற நேரம். மாப்பிள்ளை வீட்டுக்காரவுக காதுக்குப் போனா என்ன ஆகும்?"

"போகட்டும்."

"ஆத்தா மேல உங்களுக்கு அப்பிடி என்ன கோவம்?"

"ஆத்தா மேல எனக்கென்ன கோவம்? போயி சோலியப் பாரு."

கோபம்தான். அவளுக்குத் தெரியாதா? போன வருசம் இதே திருவிழாவில், இவருக்குச் சின்னம்மா முறையான குருவம்மாளின் மூத்த மருமகள் கருத்தம்மாவுக்குப் பிரசவ வலி. போடி ஆஸ்பத்திரிக்கு இவர்தான் வண்டி ஓட்டினார். வழியிலேயே உயிர் போய்விட்டது. அன்றையிலிருந்து இவருக்குச் சோறு இறங்குவதில்லை. பாவந்தான். அதற்காகச் சாமியிடமா முறைத்துக்கொள்வது?

பூசாரி ஒச்சப்பன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஊருல ஒரு ஆம்பளை பாக்கியில்ல மாப்ளே. நீ மட்டும் வெறுங்கையோட நின்னா என்ன அர்த்தம்? வேதக்காரனாயி சர்ச்சுக்குப் போறியா?"

ராக்கையா மாட்டுக்குத் தீனி அள்ளப் போய்விட்டார்.

ஒச்சப்பன் மஞ்சள் கோத்த காப்புக் கயிற்றைப் பாண்டியம்மாளிடம் நீட்டினார். "மனசு மாறுனா நீயே கட்டிவிடு தங்கச்சி. கட்டிட்டா எட்டு நாளைக்கு ஊர் எல்லையத் தாண்டப்படாது. சொல்லிவை."

அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். ரெண்டு நாளாகக் கெஞ்சிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். மனுசன் அசையவில்லை. வயலில் வேலை கிடக்க, மாட்டை வீட்டிலேயே கட்டிப்போட்டுத் தீனி வைத்தார். வண்டியில் வைக்கோலை மெத்தென்று பரப்பி, மேலே ரெண்டு சாக்கை விரித்தார். யாருக்கு இந்த மெத்தை என்று கேட்டால், சாக்கின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூடப் பயந்துபோனாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் குருவம்மாள் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"அப்பு, சின்ன மருமக முத்துப்பேச்சிக்குப் பனிக்குடம் உடைஞ்சிருச்சு! மகனுக ரெண்டு பேரும் மலையில, ஏலத்தோட்டத்துல கெடக்கானுக. பஸ்சு சாயங்காலந்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் கையில காப்பு!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் ராக்கையா மாட்டைப் பூட்டிவிட்டார்.

முத்துப்பேச்சியைக் குருவம்மாளோடு ஏற்றிவிட்டுப் பாண்டியம்மாளும் ஏறிக்கொண்டாள். முத்துப்பேச்சியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் கை பனியாய்ச் சில்லிட்டிருந்தது.

"வெரசா ஓட்டுங்க!"

தூரத்தில் எல்லைக்கல் தெரிந்தது. குருவம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"கருத்தம்மா வழியில சாகலடி பாண்டி. இந்தக் கல்லுகிட்டதான் செத்தா. இங்க வர்றப்ப அவளுக்கு உசுரு இருந்துச்சு. காப்புக் கையோட தாண்டாதே அப்பு, குத்தம் எங்க குடும்பத்துக்கு வந்துரும், எதுக்க காப்பில்லாத வெளியூர் ஆளு யாராச்சும் வரட்டும்னு வண்டிய நிப்பாட்டச் சொன்னது நான்தான். பாவி நான்! ஒரு வருசமா உன் புருசன் அதை ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல."

ராக்கையா திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ சொன்ன சின்னாத்தா. கயித்த இழுத்து நிப்பாட்டுனது என் கைதானே?"

பாண்டியம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். இந்தக் கைக்கா ரெண்டு நாளாகக் காப்போடு அலைந்தோம் என்றிருந்தது.

வண்டி நிற்காமல் எல்லைக்கல்லைத் தாண்டியது.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காப்பை எடுத்து, வலியில் துடித்த முத்துப்பேச்சியின் கையில் கட்டினாள்.

"தாயே காளியாத்தா, நீயும் எங்ககூட ஆஸ்பத்திரிக்கு வா."