எட்டாவது ஆள்

உப்புக் கிட்டங்கியில் மூட்டை சுமக்கும் எட்டுப் பெண்களின் அலைபேசிக் குழுவுக்குச் சாட்பாட்டைச் செய்தவள் ஜெபக்கனி. அவளும் சுமைக்காரிதான். இலவசமாகக் கிடைத்த நிரல் நூலகத்திலிருந்து கட்டளைகளையும், இன்ன சொல் வந்தால் இன்னது செய் என்ற நிகழ்வுகளையும் பொறுக்கிக் கோத்திருந்தாள். காலையில் எட்டுப் பேரும் அந்தக் குழுவில் குரல் கொடுத்தால்தான் கிட்டங்கிக் கதவு திறக்கும். ஆள் குறைந்தால் வேலை இயந்திரக் கைகளுக்குப் போய்விடும்.

எட்டுப் பேரில் ஒருத்தியான மாசானம் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்ததுமே, விடுப்பில் போனவள் பெயர் இருக்கக்கூடாது என்ற கிட்டங்கி விதிப்படி சாட்பாட் அவள் பெயரை நீக்கிவிட்டது. வெளியாளைச் சேர்த்தால் மாசானத்தின் இடம் போச்சு. சேர்க்காவிட்டால் எல்லார் பிழைப்பும் போச்சு.

சாயங்காலம் உச்சிமாகாளி குழுவில் கத்தினாள்: "ஏட்டி, நம்ம கூட்டத்துக்குப் புது ஆளு வந்துட்டா! பொம்பளப்புள்ள!"

சாட்பாட் உடனே பதில் போட்டது: "நல்வரவு. நாளை உங்கள் பங்கு நாற்பது மூட்டை."

"பால் குடிக்கவே இன்னும் பழகல, மூட்டையா சுமப்பா?" என்று ஒருத்தி சிரித்தாள்.

பிள்ளையை ஆளாகச் சேர்த்துவிட்ட தப்பை அழிக்கப்போன ஜெபக்கனியின் விரல் நின்றது. குழுவில் இப்போது எட்டுப் பேர்.

"மதினி, இவ பங்க நாமளே சுமந்துருவமா?" என்று உச்சிமாகாளியிடம் கேட்டாள்.

"சுமப்போம்ட்டி. ஆத்தாக்காரி திரும்பி வந்ததும் இவள இறக்கிவிட்ரலாம்."

மறுநாள் காலை ஏழு குரல் கொடுத்தாயிற்று. கதவு அசையவில்லை. ஆஸ்பத்திரியில் மாசானம் அலைபேசியைப் பிள்ளையின் வாயருகே பிடித்து, உள்ளங்காலில் லேசாகச் சுண்டினாள். பிள்ளை வீறிட்டது.

கிட்டங்கிக் கதவு கிறீச்சென்று திறந்தது.

"எம்மாடி, என்னா தொண்டை!" என்றபடி உச்சிமாகாளி சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள். "மொதல்ல அவ மூட்டையத் தூக்குங்கட்டி."