பொருள்: மெக்கானிக்கின் மாற்றல்

வேம்புலியம்மாள் வெளுத்த போர்வைக் குவியலின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். லோகநாயகி இஸ்திரி மேசையின் மேல், காலைத் தொங்கவிட்டபடி. பாய்லர் துலுக்கானம் சோப்புத்தூள் டின்னைக் கவிழ்த்துப் போட்டுக் கதவோரம், யாராவது வந்தால் இருமிக் காட்டுவதற்காக. இருந்த ஒரே நாற்காலியில் மெக்கானிக் சின்னசாமி.

நாற்காலி அவனுக்கு ஏன் என்றால், எழுதப் போகிறவன் அவன்தான்.

ஆவடி ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் சாப்பாட்டு நேரம். இரண்டு மணிக்குள் கடிதம் முடிந்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்று கிளைகளின் சலவை எந்திரங்களையும் சைக்கிளில் சுற்றிச் சுற்றிப் பார்த்துவந்த சின்னசாமியைத் திருச்சிக் கிளைக்கு மாற்றப் போகிறார்களாம். ஆபீஸ் பியூன் சொன்ன செய்தி. திங்கட்கிழமை உத்தரவில் கையெழுத்தாகிவிடும். இன்று வியாழன். அதற்குள் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மனு போய்ச் சேர வேண்டும். அந்தக் கூடத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவனே.

என்னைப் பற்றி நானே எப்படி எழுதுவது என்று அவன் நெளிந்தான். உன் கையைத்தானே கேட்கிறோம், வாயைக் கேட்கவில்லையே என்றாள் லோகநாயகி.

அவன் துறையூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். இரண்டு விரல்கடை ஓரம் விட்டு, விடுநர், பெறுநர், பொருள் என்று அளவெடுத்ததுபோல எழுதினான். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், எண் போட வேண்டும் என்றான்.

முதல் காரணம் வேம்புலியம்மாளுடையது. முன்பெல்லாம் மிசின் நின்றால் பட்டணத்திலிருந்து ஆள் வர மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் இருநூறு போர்வையைக் கல்லில் அடித்து, சோடா உப்பில் விரலிடுக்கெல்லாம் வெந்து, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் அள்ளித் தின்றிருக்கிறாள்.

இரண்டாவது லோகநாயகியுடையது. அவள் குள்ளம். இஸ்திரி மிசினின் மிதி எட்டாமல் ஆறு வருஷம் எக்கி எக்கி மிதித்தவள். கேட்காமலே அதை நாலு விரற்கடை உயர்த்திப் பற்றவைத்துக் கொடுத்தவன் இவன்.

அதை எழுதும்போது சின்னசாமியின் காது சிவந்துபோயிற்று. கூச்சப்படுகிறான் என்று நினைத்து அவர்கள் இன்னும் கொஞ்சம் புகழ்ந்தார்கள்.

மூன்றாவதைச் சொல்ல வேம்புலியம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள்.

“கஸ்மாலம் மெக்கானிக்கு கைக்கு மட்டுந்தான் அடங்குது. வேற எவன் தொட்டாலும் ஒதைக்குது. அப்டியே எய்து நைனா.”

பேனா நின்றது.

“எந்தக் கஸ்மாலம்?”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லோகநாயகி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். துலுக்கானம் காவலை மறந்து எழுந்து போய், கூடத்தின் நடுவே தொப்பையும் துருவுமாக நின்ற பெரிய சலவை எந்திரத்தின் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினான்.

“இன்னா மெக்கானிக்கு, ரெண்டு வருசமா இதும் பேரு தெரியாமயா இதுக்கு எண்ணெ ஊத்திகினு கீறே?”

சின்னசாமி எந்திரத்தைப் பார்த்தான். அதை முதல்முறை பார்ப்பவனைப்போலப் பார்த்தான்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பெல்ட் வாங்கப் போய்த் திரும்பியவன், இதே கதவுக்கு வெளியே நின்றுவிட்டான். உள்ளே வேம்புலியம்மாளின் குரல். இந்தக் கஸ்மாலத்தை நம் தலையில் எவன் கட்டினானோ, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பினால்தான் நமக்கு நிம்மதி என்றது. அவன் ஊரில் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை. அம்பத்தூரில் ஒரு டீக்கடைக்காரரிடம் அர்த்தம் கேட்டான். அழுக்குப் பிடித்தவன், ஒன்றுக்கும் உதவாதவன் என்றார் அவர். சொல்லிவிட்டு அவனுடைய எண்ணெய்ச் சட்டையை ஒருமுறை பார்த்தார்.

அன்றிலிருந்து சின்னசாமி இவர்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. கேட்டால், வேலை இருக்கிறது என்பான்.

இப்போது அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் சொல்லாத நான்காவது காரணத்தைத் தானே எழுதி உரக்கப் படித்தான்: மேற்படி எந்திரத்துக்கும் மேற்படி மெக்கானிக்குக்கும் இன்றுதான் முறையான அறிமுகம் ஆகியிருப்பதால், இருவரையும் பிரிக்க வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறோம்.

கைநாட்டு வைக்க மை இல்லை. பேரிங்குக்குப் போடும் கிரீஸைத் தொட்டு மூன்று பேரும் கட்டைவிரலை அழுத்தினார்கள். வேம்புலியம்மாள் விரலைத் துணியில் துடைத்தபடி, “இந்த ஆள மாத்தச் சொல்லி எவன் எய்திப் போட்டானோ, அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும், மிசின்ல போட்டு அலசிடுறேன்” என்றாள்.

சின்னசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

ஒரு வரி பாக்கி இருந்தது. பொருளுக்கு அடியில் ‘பார்வை’ என்று ஒன்று உண்டு. இதே விவகாரமாக முன்பு போன கடிதம் எது என்று அதில் காட்ட வேண்டும். அதை எழுதாமல் கடிதத்தை மடிக்க அவனுக்குக் கை வரவில்லை. மூன்று பேரும் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, நிதானமாக எழுதினான்.

‘பார்வை: சொந்த விருப்பத்தின் பேரில் திருச்சிக்கு மாற்றல் கோரி, மெக்கானிக் சின்னசாமி சென்ற மாதம் 21ஆம் தேதி அனுப்பிய விண்ணப்பம்.’

அது என்ன வரி என்று லோகநாயகி கேட்டாள். எல்லாக் கடிதத்திலும் இருக்கிற வரிதான் என்றான்.

போர்வைக்குப் போடும் கஞ்சியைத் தொட்டு உறையை ஒட்டினான். துலுக்கானம் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஸ்டேஷன் தபால் பெட்டியை நோக்கிச் சைக்கிளை மிதித்தான்.